கம்பியில்லா வலைக்கு முதலில் கம்பி

வீட்டில் வைஃபை ரூட்டர் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் வீட்டுக்காரர் முடிவு செய்வதில்லை. இணைப்புக் கொடுக்க வரும் தம்பிதான் முடிவு செய்கிறார். தெருக் கம்பத்துக்கு எந்த ஜன்னல் கிட்டத்தில் இருக்கிறதோ அதன் ஓரமாக ட்ரில் போடுவார். ஃபைபர் உள்ளே வந்து விழுந்த மூலையிலேயே பெட்டியை மாட்டுவார். "சிக்னல் ஃபுல்லா இருக்கு சார்" என்று தன் போனைக் காட்டிவிட்டு அடுத்த தெருவுக்குக் கிளம்பிவிடுவார். பெட்டிக்கு நேர் கீழே நின்று பார்த்தால் ஃபுல்லாகத்தான் இருக்கும். பின்பக்கப் படுக்கையறையில் வீடியோ கால் உறைந்து நிற்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அதன் பிறகு வேகமான பிளானுக்கு மாறுவார்கள், ஆறு ஆன்டெனா வைத்த ரூட்டர் வாங்குவார்கள், ரிப்பீட்டர் ஒன்றையும் செருகுவார்கள். பெட்டி மட்டும் அதே மூலையில் இருக்கும்.

அந்த முடிவை நம் கைக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் இந்த அத்தியாயம். வயர்லெஸ் வலையைத் திட்டமிடுவதில் பாதிக்கு மேல் வயர் எங்கே போக வேண்டும் என்று திட்டமிடும் வேலை. அதைச் சரியாகச் செய்துவிட்டால் மீதி எளிது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். அரை கிரவுண்டு மனை, 20 அடி அகலம், 60 அடி நீளம். இருபுறமும் சுவரை ஒட்டினாற்போல் பக்கத்து வீடுகள். கீழே முன்னறையில் ஆடிட்டர் அலுவலகம்: மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், வந்துபோகும் வாடிக்கையாளர்கள். அதை அடுத்து ஹால், பிறகு சாப்பாட்டு இடமும் சமையலறையும், கடைசியில் ஒரு படுக்கையறை. ஹாலிலிருந்து மாடிப்படி ஏறுகிறது. மேலே நடுவில் சின்ன ஹால், முன்னும் பின்னும் படுக்கையறைகள். மொட்டைமாடியில் ஓர் அறை, இப்போதைக்குப் பழைய சாமான்கள் கிடக்கின்றன. கொஞ்சம் கூடக்குறைய இது நம் ஊர்களில் எங்கும் உள்ள வீடுதான்.

படம் போடுங்கள்

கட்டட அனுமதிக்காகப் போட்ட வரைபடம் இருந்தால் அதை ஜெராக்ஸ் எடுங்கள். இல்லாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கிராஃப் தாள் போதும், ஒரு கட்டத்துக்கு ஓர் அடி என்று வைத்துக்கொள்ளலாம். தளத்துக்கு ஒரு தாள். ஒன்பது இன்ச் சுவரைத் தடித்த கோடாகவும் நாலரை இன்ச் சுவரை மெல்லிய கோடாகவும் போடுங்கள். இந்த வித்தியாசம் பின்னால் வேலைக்கு வரும். ஸ்டீல் பீரோ, ஃபிரிட்ஜ், ஆளுயரக் கண்ணாடி, மீன் தொட்டி, மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவற்றைச் சிவப்பு மையில் குறியுங்கள். இன்வெர்ட்டர் லைன் வரும் பிளக் பாயின்ட்டுகள் பச்சை மையில்.

அடுத்து ஆட்கள். எத்தனை சதுர அடிக்குக் கவரேஜ் வேண்டும் என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். யார் எங்கே உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்று புள்ளி வையுங்கள். மகள் ஆன்லைன் வகுப்புக்கு உட்காரும் மேசை, அப்பா செய்தி பார்க்கும் ஈஸிசேர், ஆடிட்டரைப் பார்க்க வந்தவர் காத்திருக்கும் நாற்காலி. குளியலறையில் சிக்னல் வேண்டுமா என்று கேட்டால் எல்லோரும் வேண்டாம் என்பார்கள். நம்பாதீர்கள், அங்கேயும் ஒரு புள்ளி வையுங்கள்.

இப்போது நகராத சாதனங்களைத் தனியாகப் பிரியுங்கள். அலுவலகத்து மூன்று கம்ப்யூட்டர், பிரின்டர், சிசிடிவியின் பதிவுப் பெட்டி, ஹாலில் இருக்கும் டிவி. இவை ஒவ்வொன்றுக்கும் லேன் கேபிள் போகவேண்டும், வைஃபை வேண்டாம். காரணம், காற்று பொதுச் சொத்து. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு சாதனம்தான் பேச முடியும், மற்றவை காத்திருக்க வேண்டும். அதிலும் தூரத்தில் பலவீனமான சிக்னலில் தொங்கிக்கொண்டிருக்கும் போன், அதே அளவு தரவை மெதுவாக அனுப்பி அதிக நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அதற்காகப் பக்கத்தில் இருப்பவரும் காத்திருக்கிறார். டிவியைக் கேபிளுக்கு மாற்றினால் டிவிக்கு வரும் லாபத்தைவிட மற்றவர்களுக்கு வரும் லாபம் அதிகம்.

நான்கே எண்கள்

போனில் தெரியும் விசிறிக் கோடுகளை வைத்துத் திட்டம் போட முடியாது. ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசமாகவே கிடைக்கும். ஐபோன் சாதாரணச் செயலிகளுக்கு இந்த விவரத்தைக் கொடுப்பதில்லை. ஆகவே அளக்கும் வேலைக்கு வீட்டில் ஓர் ஆண்ட்ராய்டு போனைக் கடன் வாங்கிவிடுங்கள்.

செயலி காட்டும் எண்ணுக்கு அலகு டிபிஎம். அது எப்போதும் மைனஸில் இருக்கும், பூஜ்யத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவு பலம். மைனஸ் 30 என்றால் பெட்டியை ஒட்டி நிற்கிறீர்கள். மைனஸ் 67 வரை வீடியோ கால் தடையில்லாமல் ஓடும், நம் திட்டத்தின் எல்லை அதுதான். மைனஸ் 75-இல் இணையப் பக்கம் திறக்கும், பேச்சு விட்டுவிட்டு வரும். மைனஸ் 80-க்குக் கீழே போனால் இணைந்திருப்பதாகப் போன் சொல்லும், வேலை நடக்காது. இந்த அளவில் 3 குறைந்தால் சக்தி பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 குறையும்.

இந்தக் கடைசி விதியை நம் வீட்டில் போட்டுப் பாருங்கள். பெட்டியிலிருந்து ஒரு மீட்டரில் மைனஸ் 40 என்றும், குறுக்கே வரும் ஒவ்வொரு சுவரும் 8 எடுத்துக்கொள்கிறது என்றும் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். பெட்டி முன்னறை மூலையில் இருந்தால் கடைசிப் படுக்கையறை சுமார் 16 மீட்டர் தள்ளி. தூரத்தில் மட்டும் எண் மைனஸ் 64 ஆகிறது, குறுக்கே மூன்று சுவர் 24 எடுத்து மைனஸ் 88. அங்கே வைஃபை இல்லை என்றே சொல்லலாம். அதே பெட்டியை வீட்டின் நடுவே, படுக்கையறைக்கும் அதற்கும் இடையில் ஒரே சுவர் வருமாறு 8 மீட்டரில் வைத்தால் மைனஸ் 58, சுவருக்கு 8, ஆக மைனஸ் 66. வேலை முடிந்தது. ஒரு பைசா செலவில்லாமல் சிக்னல் நூறு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. கடைக்காரரிடம் இப்படி ஒரு பெட்டி கிடைக்காது.

உங்கள் சுவர் உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்று நீங்களே அளக்கலாம். ரூட்டரைச் சுவரிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி வையுங்கள். சுவருக்கு இந்தப் பக்கம் போனை வைத்து எண்ணைப் பாருங்கள், கதவைச் சாத்திவிட்டு அந்தப் பக்கம் அதே உயரத்தில் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுவரின் பங்கு. எண் துள்ளிக்கொண்டே இருக்கும், நாலைந்து முறை பார்த்து நடுவானதை எடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு முறை, 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு முறை. இரண்டாவது பெரிதாக இருக்கும். அதிவேகம் தரும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுவரைக் கடக்கும் தெம்பு குறைவு, எனவே திட்டத்தை அதற்காகப் போடுங்கள். 2.4 தானாகவே எல்லா இடத்துக்கும் வந்துவிடும்.

சுவரும் கூரையும்

ரூட்டர் அட்டைப்பெட்டியில் இத்தனை சதுர அடிக்குப் போதும் என்று அச்சிட்டிருப்பார்கள். மரச் சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த அமெரிக்க வீட்டுச் சுவரில் அது ஓரளவு பொருந்தலாம். செங்கல்லும் காங்கிரீட்டும் கொண்டு கட்டுகிற நமக்கு அந்த எண்ணால் பயன் இல்லை. கம்பி கட்டிப் போட்ட கூரை எல்லாவற்றையும்விட மோசம். மேல்தளத்துக்குக் கீழிருந்து சிக்னல் போகிறதென்றால் பெரும்பாலும் அது கூரையைத் துளைத்துப் போகவில்லை, மாடிப்படித் திறப்பு வழியாக ஏறுகிறது. படி வீட்டுக்குள் இருந்தால் இது ஒரு வரம். மாடியை வாடகைக்கு விடுகிற உத்தேசத்தில் படியை வெளியே வைத்துக் கட்டிய வீடுகளில் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. அங்கே மேலே தனி ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் வலையை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) வைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், வைத்துவிடுங்கள்.

சுவரைச் சாய்வாகக் கடக்கும் அலை அதிகத் தடிமனைக் கடக்கிறது. ஒன்பது இன்ச் சுவரை 45 டிகிரியில் கடந்தால் ஏறக்குறைய 13 இன்ச். ஆகவே தாளில் ஆக்சஸ் பாயின்ட் வைக்க நினைக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் அடிக்கோலால் கோடு போடுங்கள். எத்தனை தடித்த கோடுகளை வெட்டுகிறது, நேராக வெட்டுகிறதா சாய்வாகவா, நடுவில் சிவப்பு மைப் பொருள் ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள். வாசல் திறப்புகள் வழியாக நிறையக் கோடுகள் போகிற இடம் எதுவோ அதுதான் உங்கள் இடம்.

உலோகத்துக்குப் பின்னால் சிக்னல் இல்லை. டிவிக்குப் பின்னால் அழகாக மறைத்து வைத்த ரூட்டரைவிட அசிங்கமாக வெளியே தொங்கும் ரூட்டர் மேல். பரணில் ஏற்றிவைப்பதும் கூடாது, அங்கே சுற்றிலும் பித்தளை அண்டாவும் எவர்சில்வர் தவலையும்தானே இருக்கும். மீன் தொட்டியும் ஆட்கள் நிறைந்த அறையும் நீர் என்ற வகையில் ஒன்றுதான், இரண்டும் அலையை உறிஞ்சும். உயரம் ஏழு அடிக்கு மேல், பீரோத் தலைக்கு மேலே போய்விட வேண்டும். குச்சி ஆன்டெனா நிமிர்ந்து நின்றால் அலை பக்கவாட்டில் பரவும், அதன் நுனி காட்டும் திசையில்தான் பலவீனம். ஆன்டெனாவை வேண்டிய அறையை நோக்கிச் சாய்த்துவிடுகிறார்களே, அது நேர்மாறான வேலை. கூரையில் ஒட்டும் தட்டு வடிவ ஆக்சஸ் பாயின்ட்டுகளைக் கூரையில்தான் மாட்ட வேண்டும். அவை கீழேயும் சுற்றிலும் பரப்புவதற்காகச் செய்யப்பட்டவை. சுவரில் மாட்டினால் பாதி பக்கத்து வீட்டுக்குப் போகும்.

எத்தனை வேண்டும்

நம் வீட்டுக்கு இரண்டு. கீழே ஹாலின் கூரையில், படிக்கட்டை விட்டு உள்ளே தள்ளிச் சாப்பாட்டு இடத்தை நோக்கி ஒன்று. அலுவலகத்துக் கம்ப்யூட்டர்கள் கேபிளில் இருப்பதால் முன்னறைக்கு ஒரு சுவர் தாண்டி வரும் சிக்னல் போதும். மேலே நடு ஹாலின் கூரையில் ஒன்று, முன்னும் பின்னும் உள்ள படுக்கையறைகளுக்கு ஆளுக்கு ஒரு சுவர். மொட்டைமாடி அறைக்கு இப்போது பெட்டி வேண்டாம், கேபிளை மட்டும் இழுத்துச் சுருட்டி வையுங்கள். பழைய சாமான்கள் கிடக்கும் அறை ஒரு நாள் யாருடைய படிப்பறையாகவோ ஆகும்.

மூன்று நான்கு பெட்டிகளாக வைத்தால் இன்னும் நன்றாக இருக்காதா என்றால், இருக்காது. ஒன்றன் சத்தம் மற்றதற்கு இடைஞ்சல். ஒரு பெட்டியின் சிக்னல் மைனஸ் 67-க்கு இறங்கும் இடத்தில் அடுத்தது அதே அளவில் தொடங்கியிருந்தால் போதும்.

அதிக சக்தியில் ஒலிபரப்பும்படி அமைப்பதாலும் தூரம் கூடிவிடாது. கோயில் ஒலிபெருக்கி பேசுவது நமக்குக் கேட்கும், நாம் சொல்வது அதற்குக் கேட்காது. போனின் ஒலிபரப்புச் சக்தி ஆக்சஸ் பாயின்ட்டின் சக்தியைவிடக் குறைவு. திரையில் கோடுகள் நிறைய இருந்தும் செய்தி போகாமல் சுற்றிக்கொண்டிருப்பதற்கு இதுவும் காரணம். இரண்டு பெட்டி உள்ள வீட்டில் சக்தியை நடுத்தரத்தில் வையுங்கள்.

எந்தத் தலைமுறை வைஃபை வாங்குவது என்று இங்கே நீட்டப்போவதில்லை. வைஃபை 5-இன் தரவரையறை 2013-இலும் வைஃபை 6-இன் தரவரையறை 2021-இலும் வெளிவந்தன. இன்று வாங்கினால் 6-ஐ வாங்குங்கள். ஆனால் நல்ல இடத்தில் இருக்கும் 5, கெட்ட இடத்தில் இருக்கும் 7-ஐத் தோற்கடித்துவிடும். பெட்டியின் பின்னால் உள்ள லேன் சாக்கெட்டுகள் கிகாபிட் வகையா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். அட்டையில் 300 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் மலிவு ரூட்டர்கள் பலவற்றில் சாக்கெட் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும்.

சேனல்

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 சேனல்கள் உண்டு. பதின்மூன்றும் தனித்தனிச் சாலைகள் என்று நினைத்துவிடக் கூடாது. அடுத்தடுத்த சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஒரு வைஃபைக்கு வேண்டிய அகலமோ 20. ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருக்கப் பொதுவாகப் பயன்படுத்துபவை 1, 6, 11. செயலியில் பார்த்து, "மூன்றாவது சேனல் காலியாக இருக்கிறதே" என்று அதில் போய் உட்காருகிறவர் 1-இல் இருக்கும் வீட்டுக்கும் 6-இல் இருக்கும் வீட்டுக்கும் சேர்த்து இரைச்சல் கொடுக்கிறார், இரண்டு பேரிடமிருந்தும் வாங்கிக்கொள்கிறார். ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருப்பார்கள். பாதி ஏறி நிற்பவருக்கு அந்த ஒழுங்கும் இல்லை. மூன்றில் எது நெரிசல் குறைவோ அதில் இருங்கள், அகலத்தை 20-லேயே நிறுத்துங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் இதே பட்டையில்தான் இயங்குகின்றன.

5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். 2018 அக்டோபரில் மத்திய அரசு இந்தப் பட்டையில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய பகுதியை விரிவாக்கியது. கீழ்ப் பெட்டிக்கு 36, மேல் பெட்டிக்கு 149, இரண்டுக்கும் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்று கொடுத்துவிட்டால் ஒன்றையொன்று தொடாது. நடுவில் உள்ள 52 முதல் 144 வரையான சேனல்களில் ரேடார்களும் இயங்குவதால், பெட்டிகள் ரேடார் சத்தம் கேட்டால் சேனலை விட்டு ஓடும்படி செய்யப்பட்டிருக்கும். வைஃபை திடீரென்று ஒரு நிமிடம் காணாமல் போய்த் திரும்பினால் இதைச் சந்தேகிக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் அகலத்தை 40-ஆகக் குறைத்துக்கொள்வது நல்லது.

கேபிள்

புது வீடு கட்டுகிறவர்களுக்கு: கூரைக்குக் காங்கிரீட் போடுவதற்கு முன்னால், எலக்ட்ரீஷியன் ஃபேன் பாக்ஸும் பைப்பும் வைக்கும் அதே நாளில், ஆக்சஸ் பாயின்ட் வரும் இடங்களுக்கும் ஒரு பைப் வைக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு அது சில நூறு ரூபாய் வேலை, அடுத்த வாரம் முடியாத வேலை. மின்வயர் போகும் பைப்பிலேயே லேன் கேபிளையும் விட்டுவிடுகிறேன் என்று அவர் சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். பாதுகாப்புக்கும் ஆபத்து, சிக்னலுக்கும் இரைச்சல். தனிப் பைப், பக்கத்தில் ஓட வேண்டியிருந்தால் ஓர் அடி இடைவெளி, குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாக. வளைவுகள் குறைவாக இருக்கட்டும், உள்ளே இழுவைக் கயிறு ஒன்றைப் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

எல்லாக் கேபிளும் ஓர் இடத்தில் வந்து சேர வேண்டும். இன்வெர்ட்டர் லைன் இருக்கிற, காற்றோட்டமுள்ள, பூட்டக்கூடிய அலமாரி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நம் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே உள்ள இடம் பொருத்தம். ஃபைபர் பெட்டியும் அங்கேதான் வர வேண்டும். இதற்காகவும் வாசலிலிருந்து ஒரு பைப் வைத்துவிட்டால், இணைப்புக் கொடுக்க வருபவர் ட்ரில்லை எடுக்க வேண்டியதே இல்லை.

அந்த அலமாரியில் உட்கார்ந்து எல்லாக் கேபிளையும் இணைக்கும் ஸ்விட்ச், கேபிள் வழியாகவே மின்சாரமும் அனுப்பும் பிஓஇ வகையாக இருக்கட்டும். 802.3 ஏஎஃப் தரத்தில் ஒரு சாக்கெட் 15.4 வாட் வரை தரும், ஏடி தரத்தில் 30 வாட். வீட்டுக்கு வாங்கும் ஆக்சஸ் பாயின்ட்டுகள் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். கூரையில் பிளக் பாயின்ட் தேடும் தொல்லை போகிறது. அதைவிடப் பெரிய லாபம், கரண்ட் போனால் ஸ்விட்ச் ஒன்று இன்வெர்ட்டரில் இருந்தாலே வீடு முழுக்க வைஃபை நிற்காது. ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளில் ஆடிட்டருக்கு இதன் அருமை தெரியும். 24 வோல்ட் பாசிவ் வகை ஒன்றும் கடைகளில் உண்டு. அதையும் இதையும் கலக்க வேண்டாம், வாங்கும்போது தர எண்ணைக் கேளுங்கள்.

கேபிளில் சிக்கனம் பார்க்காதீர்கள். கேட் 6, முழுச் செம்பு. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுச் சரக்கும் கேட் 6 என்று அச்சிட்டே விற்பனைக்கு வருகிறது. சுருளைத் தூக்கினால் கனம் இருக்காது. நுனியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். பிஓஇ மின்சாரம் அதில் போகும்போது சூடு கூடும், தூரத்தில் உள்ள பெட்டிக்கு வோல்டேஜ் எட்டாது. சுவருக்குள் புதைக்கப்போகும் பொருளில் மிச்சம் பிடிக்கும் இருநூறு ரூபாய் பின்னால் சுவரை உடைக்க வைக்கும். ஓர் ஓட்டத்துக்கு எல்லை 100 மீட்டர், வீட்டுக்குள் அது ஒரு பிரச்சினையே இல்லை. முக்கியமான இடங்களுக்கு இரண்டிரண்டாக இழுத்துவிடுங்கள்.

கட்டி முடித்த வீட்டில் வழி தேட வேண்டும். பழைய கேபிள் டிவிக்காக வைத்த பைப் பல வீடுகளில் சும்மா இருக்கும், அதில் ஒரு லேன் கேபிள் போகும். கழிவுநீர்க் குழாய் இறங்கும் சந்து, சன்ஷேடுக்கு மேல்புறம், வெளிச்சுவரில் வெயில் தாங்கும் பிவிசி பைப் எல்லாம் வழிதான். உள்ளே கேசிங் பட்டி அடிப்பதை வீட்டம்மா ஒப்புக்கொண்டால் அதுவே எளிது. பக்கத்துக் கட்டடத்துக்கோ தோட்டத்து அறைக்கோ போகவேண்டுமானால் செம்புக் கேபிளை வெளியில் இழுக்காதீர்கள். இடி இறங்கும்போது இரு முனையிலும் உள்ள பெட்டிகள் போய்விடும். ஃபைபர் இழுங்கள்.

எந்த வழியும் இல்லாதவர்களுக்கு, பெட்டிகள் கேபிள் இல்லாமல் காற்றிலேயே ஒன்றோடொன்று இணையும் மெஷ் உண்டு. ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் பெட்டி, வேகத்தைப் பாதியாக்கும். இணைப்புக்கென்று தனி ரேடியோ வைத்த மெஷ் பெட்டிகள் தேவலை. எதுவானாலும் இரண்டாவது பெட்டியைச் சிக்னல் இல்லாத அறைக்குள் வைத்தால் அதற்கே சிக்னல் இருக்காது, பிறகு எதை அது பரப்பும்? பாதி வழியில், மைனஸ் 60 முதல் 65 வரை கிடைக்கும் இடத்தில் வையுங்கள்.

ஒரு வீட்டில் இரண்டு ரூட்டர்

வைஃபை கோளாறு என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதிக்கு வைஃபை காரணமே இல்லை. ஃபைபர் பெட்டிக்குள்ளேயே ஒரு ரூட்டர் இருக்கிறது. கடையில் இன்னொரு ரூட்டர் வாங்கி மாடியில் வைக்கிறோம். கீழிருந்து வரும் கேபிளை அதன் வேன் (இன்டர்நெட் உள்ளே வரும்) சாக்கெட்டில் செருகினால் இன்டர்நெட் வரும், ஆனால் மாடியில் ஒரு தனி வலை உருவாகிவிடும். கீழே முகவரிகள் 192.168.1 என்று தொடங்கும், மேலே 192.168.0 என்று. மாடியில் உட்கார்ந்து அலுவலகத்துப் பிரின்டருக்கு அச்சு கொடுத்தால் பிரின்டர் கண்ணுக்கே தெரியாது. மாடியிலிருந்து கீழே இறங்கும் போனும் ஒவ்வொரு முறையும் புது முகவரி வாங்கி, பேசிக்கொண்டிருந்த அழைப்பை அறுத்துக்கொள்ளும்.

சரி என்று அதே கேபிளை லேன் சாக்கெட்டில் செருகினால் இன்னும் வேடிக்கை. முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வேலையை இரண்டு பெட்டியும் செய்ய ஆரம்பிக்கும். யார் முந்துகிறாரோ அவரிடம் போன் முகவரி வாங்கும். மாடிப் பெட்டியிடம் வாங்கிய போனுக்கு வெளியே போகும் வழி தெரியாது. ஒரே அறையில் ஒருவருக்கு நெட் வரும், இன்னொருவருக்கு வராது. அணைத்துப் போட்டால் சரியாகும், மறுநாள் திரும்ப வரும். இணைப்பு நிறுவனத்துக்குப் போன் போட்டுத் திட்டுவார்கள், அவர்களுடைய லைனில் ஒரு குறையும் இருக்காது.

தீர்வு ஒரு நிமிட வேலை. இரண்டாவது ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் மோடு என்று ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். பழைய ரூட்டரில் அது இல்லையென்றால் மூன்று காரியம்: அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், டிஹெச்சிபியை அணையுங்கள், கேபிளை லேன் சாக்கெட்டில் செருகுங்கள். வரிசை முக்கியம். முகவரியை மாற்றும் முன் டிஹெச்சிபியை அணைத்தால் பெட்டிக்குள் திரும்ப நுழைவதே பெரும்பாடாகிவிடும்.

முகவரிக்கும் ஒரு திட்டம் வையுங்கள். 192.168.1.1 ஃபைபர் பெட்டிக்கு, 2 முதல் 9 வரை ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் ஸ்விட்சுக்கும், 10 முதல் 29 வரை பிரின்டர், சிசிடிவி போன்ற நிலையான சாதனங்களுக்கு. 50 முதல் 250 வரை டிஹெச்சிபி தன் இஷ்டத்துக்குக் கொடுக்கட்டும். பிரின்டர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காணாமல் போகிற அலுவலகங்களில் இந்த ஒரு காரியத்தைச் செய்யாமல் விட்டிருப்பார்கள்.

மேலும் கீழும் ஒரே வைஃபை பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு வகை. எப்போது பெட்டி மாறுவது என்று முடிவு செய்வது போன்தான். பெட்டிகள் ஜாடை காட்டலாம், அவ்வளவுதான். சில போன்கள் பழைய பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், சக்தியைக் குறைத்து வைத்தால் அந்தப் பிடிவாதமும் குறையும். வாடிக்கையாளர்களுக்குக் கெஸ்ட் வலை தனியாக இருக்க வேண்டும். பிறருடைய பான் எண்ணும் வங்கிக் கணக்கும் கிடக்கும் கம்ப்யூட்டர்கள் இருக்கிற வலையில் வழிப்போக்கரை விடக் கூடாது. பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ3, பழைய சாதனம் ஒத்துக்கொள்ளாவிட்டால் டபிள்யூபிஏ2. டபிள்யூபிஎஸ் பொத்தானை அணையுங்கள். அட்மின் கடவுச்சொல்லை அட்மின் என்றே விட்டுவைக்காதீர்கள்.

துளை போடுவதற்கு முன்

தாளில் போட்டது ஊகம். கூரையில் துளை போடுவதற்கு முன் ஒரு நாள் ஒத்திகை பாருங்கள். நீளமான லேன் கேபிள் ஒன்றைத் தரையோடு விட்டு, ஆக்சஸ் பாயின்ட்டை ஏணியின் உச்சியில் கயிற்றால் கட்டி, நினைத்த இடத்தில் நிறுத்துங்கள். சாமான்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கட்டும், கதவுகளைச் சாத்துங்கள். பக்கத்து வீட்டார் எல்லோரும் வந்துவிட்ட இரவு எட்டு மணி நல்ல நேரம். பகல் பதினொரு மணிக்கு அளந்தால் எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். தாளில் உள்ள ஒவ்வொரு புள்ளியிலும் போனை, மக்கள் பிடிக்கிறபடியே பிடித்து எண்ணைக் குறியுங்கள். எங்காவது மைனஸ் 67-ஐத் தாண்டினால் ஏணியை இரண்டடி நகர்த்திப் பாருங்கள். இரண்டடியில் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஒரு தூணின் நிழலிலிருந்து வெளியே வர அது போதும்.

வேகத்தைச் சோதிக்க இணைய ஸ்பீடு டெஸ்ட் மட்டும் போதாது. அது நிறுவனத்தின் லைனையும் சேர்த்து அளக்கிறது. ஐபெர்ஃப் என்ற இலவச மென்பொருளைக் கேபிளில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, போனிலிருந்து அதற்கு அளந்தால் வீட்டு வலையின் வேகம் மட்டும் தெரியும். போகும் திசை, வரும் திசை இரண்டையும் பாருங்கள். அட்டையில் போட்டிருக்கும் எண்ணில் பாதி கிடைத்தால் மகிழ்ச்சியாக ஏணியை மடக்குங்கள்.

பிறகு துளை, ஸ்க்ரூ, கிளிப். கேபிளின் இரு முனையிலும் எங்கிருந்து எங்கே என்று எழுதி ஒட்டுங்கள், இரு முனையிலும். முகவரிப் பட்டியலை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். புது வீடானால் பூச்சு வேலைக்கு முன்பே ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பை விரித்து வைத்துப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கோடையில் ஏசி மாட்ட வருபவர் ட்ரில்லைச் சுவரில் வைக்கும்போது, கேபிள் எந்த உயரத்தில் போகிறது என்று அந்தப் படத்தை அவரிடம் நீட்டலாம்.